பாதி ஆட்டத்தில் ஜோடி மாறியவர்கள்

என் எதிரே உட்கார்ந்தே இத்தனை காலம் ஓட்டிய சரசு அக்காவுக்கு,

நீ அங்கே நிம்மதியாக இருப்பாய். இங்கே செந்தூலில் உன் வீட்டு வாசலில் நடந்த அசிங்கத்தை உன்னிடம் கொட்டாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தாயத்தில் உன் இடத்தில் உன் மருமகள் கமலாவை உட்கார வைத்தோம். எனக்கு எதிரே அவள். புஷ்பத்துக்கு எதிரே ராஜம்மா. எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஜோடியின் காயை வெட்டக்கூடாது. தன் காயெல்லாம் பழமாகி முடித்தவள் எழுந்து போகாமல் ஜோடிக்காகக் கட்டை உருட்ட வேண்டும். நாம் இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த நாள் முதல் இதுதானே சட்டம்?

வாதம் வந்ததிலிருந்து ராஜம்மாவுக்குக் கை நடுங்குகிறது. பித்தளைக் கட்டை கோட்டைத் தாண்டி ஓடிவிடுகிறது. பொறுக்கி வந்து மறுபடி போட வேண்டும். உன் மருமகளுக்கு அது பொறுக்கவில்லை.

“சின்னத்தை, ரொம்ப ஸ்லோலா. வீடியோ டேப் வேற பாக்காம கெடக்கு. பாதி ஆட்டத்துல ஜோடி மாத்திக்கலாம்னு வைப்போம். தோக்குறவங்களோட சேந்து நாமளும் ஏன் தோக்கணும்?”

“அப்புறம் ஜோடின்னு எதுக்குடி பேரு?” என்றேன்.

“காலம் மாறிப்போச்சுக்கா,” என்றாள் புஷ்பம்.

யார் சொல்வது பார்! கைப்பிள்ளையோடு அவள் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்த காலத்தில், தன் காயெல்லாம் பழுத்த பிறகும் இருட்டும்வரை அவளுக்காகக் கட்டை உருட்டியவள் இந்த ராஜம்மாதானே? புஷ்பம் மறந்திருக்கலாம். எனக்கு மறதி கிடையாது.

ராஜம்மா, “உங்க இஷ்டம்லா” என்று சிரித்தாள். அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே புஷ்பம் கமலாவோடு சேர்ந்துகொண்டாள். பழத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நின்ற ராஜம்மாவின் காயை வெட்டினாள். வெட்டிவிட்டுக் கை தட்டினாள், அக்கா!

“சோறு வடிக்கணும்,” என்று ராஜம்மா எழுந்து போனாள். அவள் காலையிலேயே சமைத்துவிட்டது எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை.

“நல்லதாப் போச்சு, ஆட்டம் சீக்கிரம் முடியும்,” என்றாள் உன் மருமகள். வாய் கூசவில்லை. கட்டையை அவள் மடியில் எறிந்துவிட்டு வந்தேன். உன் கட்டைதான். ஆனாலும் இனி அதைத் தொட எனக்கு அருவருப்பு.

நேரே ராஜம்மா வீட்டுக்குப் போய், சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டேன். புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து, பால் டின்னில் போட்டு அவளிடம் நீட்டினேன்.

“குலுக்குடி.”

“கை நடுங்குதேக்கா.”

“நடுங்கட்டும். உன்னை விட நல்லா யாரு குலுக்குவா?”

இந்தத் தடவை அவள் நிஜமாகவே சிரித்தாள். கொட்டைகள் ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை.

அவளும் நானும் ஜோடி. எதிரே புஷ்பமும் கமலாவும் இருப்பதாக வைத்து, அவர்களுக்கும் நானே போடுகிறேன். அந்தத் துரோகிகளுக்கும் கள்ளமில்லாமல்தான் போடுகிறேன். போன வாரம் அவர்களே ஜெயித்தார்கள். வயிறு எரிந்தது.

பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது உன் வாசலிலிருந்து கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்ப்பதில்லை. என் தோற்கும் காய்களுக்காக நீ எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்பாய், அக்கா? ராஜம்மாவின் கடைசிக் காய் பழுக்கும்வரை நானும் எழுந்திருக்க மாட்டேன்.

கூடப் பிறக்காமலே உன் தங்கையானவள்,
அஞ்சலை