திறந்து பார்க்காதே

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்டால் "சொல்ல ஆதாரம் போதாது" என்பாய். அதனால் கேட்கவில்லை.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும் என்று பல் மருத்துவர் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு ஒரு பஞ்சு நனையும். ரத்தம் உறையாத எனக்கு வாளி வேண்டும். முந்தின நாளே பெரிய மருத்துவமனையில் படுத்து உறைமருந்து ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். பிறந்ததிலிருந்து குத்திக் குத்தி என் கை சல்லடை ஆகிவிட்டது. அதற்கு நேரம் ஏது? என் தச்சுப் பட்டறையில் இரண்டு கதவுகள் பாதியில் நிற்கின்றன.

உன் சோதனைக்கூடத்தில் செய்யும் ரத்தம் நிறுத்தும் பொடியில் ஒரு பொட்டலம் அனுப்பு. பதினோரு வருடமாக அதைத்தானே செய்கிறாய்? "உங்க அக்கா ஊருக்கெல்லாம் ரத்தத்தை நிறுத்துவாங்க, தம்பிக்கு மட்டும் புத்தி சொல்லுவாங்க" என்கிறாள் உன் தம்பி மனைவி. அவள் சொல்வதைப் பொய்யாக்கு.

சில்லு


மார்ச் 9

சில்லுவுக்கு,

அனுப்ப மாட்டேன். உன் மனைவிக்கே வெற்றி.

அந்தப் பொடி தண்ணீரைக் குடித்து, உப்பிக் கூழாகும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத களிமண் துகள்கள். காயத்தில் போட்டால் ரத்தத்தின் நீரை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைக் கெட்டியாக்கும். உன் உடம்பில் இல்லாத உறைபொருளை அதனால் தர முடியாது. பல் குழிக்குள் உப்பினால் தாடையையும் நெரிக்கும். இதுவரை முயல்களுக்குத்தான் போட்டிருக்கிறோம். இன்னொன்றும் உண்டு: ரத்தம் நிற்கிறது, ஆனால் கூழை எடுக்கும்போது உறைந்ததும் சேர்ந்து பிய்ந்து வருகிறது. மறுபடி ஓட்டம். இரண்டு வருடமாக அங்கேயே நிற்கிறோம்.

உன் முதல் பால்பல் விழுந்த நாள் நினைவிருக்கிறதா? அம்மா கடைக்குப் போயிருந்தாள். துணியை வைத்து அழுத்தினேன். நின்றதா என்று நிமிடத்துக்கொருமுறை எடுத்துப் பார்த்தேன். "பார்த்துப் பார்த்தே கொன்னுடுவே போலிருக்கே!" என்றாள் அம்மா, உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது. ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தாய். எதற்காக இந்த வேலை என்று நேர்முகத் தேர்வில் கேட்டபோது வேறென்னவோ சொன்னேன்.

மருத்துவமனைக்குப் போ. கதவுகள் காத்திருக்கும்.

அக்கா


மார்ச் 21

சில்லு,

பதில் இல்லை. கோபமென்றால் திட்டியாவது எழுது. போனை எடுத்த உன் மனைவி "நல்லா இருக்கார், பேச முடியாது" என்று வைத்துவிட்டாள். பேச முடியாதவன் எப்படி நல்லா இருப்பான்? பொட்டலத்துக்குப் பதிலாக வேறு எதையாவது வைத்துக்கொண்டு வீட்டிலேயே பிடுங்கிக்கொண்டாயா? நேற்று சோதனைக்கூடத்தில் ஒரே அளவை மூன்று தடவை தப்பாக எடுத்தேன்.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்கா,

பல் போய்விட்டது. மருத்துவமனையில், ஊசியோடு, நீ சொன்னபடியே. வாயைத் திறக்காதே என்று மருத்துவர் உத்தரவு. உன் தம்பி மனைவிக்கு அது சொர்க்கம். ஒரு வாரம் எதிர்ப்பேச்சே இல்லை.

ஆனால் எழுதாததற்குக் காரணம் பல் இல்லை. உன் கடிதம். நாலு தடவை எடுத்து மடித்து வைத்தேன்.

அக்கா, பால்பல் விழுந்த அன்று ரத்தம் நின்றுவிட்டது. நீ அத்தனை முறை எடுத்துப் பார்த்த பிறகும் நின்றுதான் இருந்தது. அம்மா வருகிறாளா என்று நீ வாசலுக்குப் போனாய். நாக்கால் அந்த இடத்தை நெம்பினேன். துருப்பிடித்த ஆணி மாதிரி ருசி. திரும்பவும் நெம்பினேன். நீ வந்தபோது சட்டையெல்லாம் சிவப்பு. அம்மா உன்னைத் திட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆறு வயதில் பயம். அப்புறம் மறந்தே போச்சு. நீ இதைச் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று சத்தியமாகத் தெரியாது.

இந்த முறை நாக்கை அசைக்கவில்லை. உனக்காக.

சில்லு


ஏப்ரல் 2

அன்புள்ள சில்லு,

நாற்பது வருடம் கழித்து வந்த ஒற்றைச் சாட்சி, அதுவும் குற்றவாளியே சொல்வது. வேறு யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளமாட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வராந்தாவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். தூசி என்று சொல்லிக் கண்ணைக் கழுவிக்கொண்டேன்.

இன்று முயலின் காயத்தில் ஒரு புதுக் கலவையைப் போட்டோம். உப்புநீர் பட்டால் கூழ் தானே நழுவி வர வேண்டும். அரைமணி நேரம் தொடக்கூடாது என்பது விதி. வழக்கமாகப் பத்தாவது நிமிடத்திலேயே ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது நான்தான். கூட வேலை செய்பவர்கள் என் கையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது நிமிடமும்.

நழுவி வந்தது. கீழே உறைந்தது பிய்யாமல் காய்ந்திருந்தது. ஒரே ஒரு முறைதான். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கதவுகளை முடித்துவிட்டாயா?

உன் அக்கா