டைமர் ரீல் காணாமல் போன நாள்

இன்று காலை புதிதாக வந்த வெள்ளி நிறப் பை ஒன்றைக் கத்தரித்துத் திறந்தேன். உள்ளே இருந்த ரீலின் புது பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும் அந்த ஒரு நாள் நினைவுக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படித்தான். பையை மேசையில் வைத்துவிட்டு உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன். நீ மவுத்தாகி எங்களை விட்டுப் போன செய்தியை உன் மகள் போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு, ரீல்களுக்கு நடுவே, வந்துவிட்டது.

உனக்கு நினைவிருக்குமே, நாம் இரண்டு பேரும் மாத்தளைப் பக்கத்து உக்குவளை ஃபாக்டரியில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் சேர்ந்தோம். வெளிநாட்டு அடுப்புகளுக்கும் சலவை மெஷின்களுக்கும் சின்னச் சின்ன சர்க்கிட் பலகை செய்து அனுப்பும் இடம். கடுகைவிடச் சிறிய பொருள்களெல்லாம் நாடாவில் ஒட்டி, ரீலாகச் சுற்றி வரும். கம்பி வலை அடித்த ஸ்டோர்ஸில் நீ ஜன்னலில் நின்று, பலகை செய்யும் மெஷின்கள் வரிசையாக நிற்கும் லைனுக்கு ரீல் எடுத்துக் கொடுப்பாய். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். மிச்சம் திரும்பி வந்தால் அதையும் ஏற்றுவேன். சாவி உன்னிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பஸ்ஸை அலுவிகாரைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். தமிழ்ப் பெயர் என்பதால் என் அடையாள அட்டையைக் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருப்பார்கள். மாத்தளை டவுனில் நீ ஏறும்போது என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். "இன்னைக்கும் கேள்வி கேட்டாங்களா புள்ள?" என்பாய். நான் தலையாட்டுவேன். நீ உன் பையிலிருந்து ஏதாவது தின்னக் கொடுப்பாய். அதற்கு மேல் நாம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒரு வருஷம் பொருள் எண்ணிக்கை எடுத்தபோது ரீல் ஒன்று இல்லை என்று தெரிந்தது. அடுப்பு எப்போது அணைய வேண்டும் என்று நேரம் பார்க்கும் சில்லுகள் சுற்றிய ரீல் அது. டைமர் ஐசி என்போம். கம்ப்யூட்டர், ஸ்டோர்ஸில் இருக்கிறது என்றது. அலுமாரித் தட்டில் இல்லை. வேறு எது குறைந்திருந்தாலும் திட்டோடு போயிருக்கும். குண்டைப் பற்றியே நாடு பேசிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு நேரம் வைக்க எடுத்ததென்று சந்தேகப்பட 'டைமர்' என்ற பெயரே போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் என்னை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தபோது நீயும் எழுந்தாய். "ஒன்னயக் கூப்பிடலியே" என்றேன். "கூப்பிடாட்டி என்ன, நானும் வாரேன்" என்றாய்.

உள்ளே மேனேஜரும், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த செக்யூரிட்டி அதிகாரியும் இருந்தார்கள். அதிகாரி ரீலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வடக்கில் யார் இருக்கிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணன் வவுனியாவில் கல்யாணம் கட்டி, பேக்கரி ஒன்றில் வேலை செய்வதைச் சொன்னேன். கடைசியாக எப்போது வந்தான், என்ன கொண்டுபோனான் என்று கேட்டார். எனக்குச் சிங்களமே மறந்துவிட்டது. "பொங்கலுக்கு வந்தாரு சேர்... ஒண்ணும் கொண்டுபோகல சேர்" என்று தமிழில் உளறினேன். அவர் என் பெயரை எழுதத் தொடங்கினார்.

அப்போது நீ சிங்களத்தில், சத்தம் உயர்த்தாமல் சொன்னாய்: "சாவி என்கிட்டயும் இருக்கு சேர். அந்த ஜன்னல்ல ரீல் கொடுக்கிறது நான்தான். எழுதுறதுன்னா என் பேரையும் எழுதுங்க."

மேனேஜர் உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் தெரிகிறது. உனக்கு அக்குறணையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். அது ஃபாக்டரிக்கே தெரியும். "நீ வெளியே போ" என்றார். நீ போகவில்லை. கடைசியில் இரண்டு பெயரும் எழுதப்பட்டன. வேலை முடிவதற்குள் ரீல் கிடைக்காவிட்டால் பொலிசுக்குச் சொல்வோம் என்றார்கள்.

வெளியே வந்ததும் நான் அழத் தொடங்கினேன். அண்ணனை எங்கேயாவது பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ, அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது. நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

"அழுவுறத பொறவு பாப்போம். அந்த ரீல் லைன்லேந்து திரும்பி வந்தத நீ கண்ணால கண்டியா?"

"கம்ப்யூட்டர்ல வந்திருக்கே."

"கம்ப்யூட்டர்ல வந்தது சரி. கைக்கு வந்திச்சா?"

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த ரீல் போன அடுப்புப் பலகை வேலையை ஆபீசில் முடிந்துவிட்டதாகக் கம்ப்யூட்டரில் மூடியிருந்தார்கள். வேலையை மூடினால், மிஞ்சிய பொருளெல்லாம் ஸ்டோர்ஸுக்கு வந்துவிட்டதாக அது தானே எழுதிக்கொள்ளும். யாரும் கொண்டுவந்து தந்திருக்க வேண்டியதில்லை. அப்படியானால் ரீல் லைனைவிட்டே கிளம்பியிருக்காது.

சாப்பாட்டு நேரம். லைன் காலியாக இருந்தது. மெஷின்களின் பின்னால் ஒவ்வொரு இடமாகக் குனிந்து பார்த்தோம். பழுதாகி நின்ற பழைய மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட தள்ளுவண்டி ஒன்று இருந்தது. உறையை நீ ஓரமாகத் தூக்கினாய். அடுப்பு வேலைக்கு ரீல் மாட்டி மெஷினில் பூட்டிய தட்டுகளைக் கழற்றி, ரீலோடு அப்படியே அடுக்கி வைத்திருந்தார்கள். மேலிருந்து இரண்டாவதில் நம் லேபல்.

நான் பாய்ந்து கையை நீட்டினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"தொடாத! நீ எடுத்தா நீதான் ஒளிச்சு வெச்சேன்னு சொல்லுவாங்க. இங்கயே நில்லு. ரெண்டு கையும் வெளிய தெரிய வெச்சுக்க. நான் போய் அவங்களக் கூட்டிட்டு வாரேன்."

நீ ஓடினாய். நான் இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்துக்கொண்டு அந்த வண்டியைப் பார்த்தபடி நின்றேன். சாப்பிட்டுத் திரும்பியவர்கள் ஒவ்வொருவராக வந்து தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. நீ வருவதற்குள் யாராவது அதை எடுத்துவிட்டால், அல்லது நான்தான் இப்போது கொண்டுவந்து வைத்தேன் என்று சொல்லிவிட்டால் என்று நினைத்து விரல்களை இன்னும் இறுக்கிக் கோர்த்துக்கொண்டேன்.

நீ கூட்டிவந்த அதிகாரியே தன் கையால் ரீலை எடுத்தார். மெஷின் பார்க்கும் சுனில், தட்டுகளைக் கழற்றி வைத்தது தான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். எண்ணிப் பார்த்தார்கள், ஒன்றும் குறையவில்லை. "சரி, வேலைக்குப் போங்க" என்றார் மேனேஜர். அவ்வளவுதான்.

ஆனால் நம்மிடம் மாலைவரை நேரம் தருவதாகச் சொன்னவர்கள் காலையிலேயே பொலிசுக்குப் போன் பண்ணியிருந்தார்கள். ஜீப் வந்தது. ரீல் கிடைத்துவிட்டது என்று சொல்லியும் நம் இருவருடைய விலாசத்தையும் எழுதிக்கொண்டு போனார்கள். அண்ணனை யாரும் தேடவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு பல மாதங்கள், தோட்டத்து லய வீடுகளுக்கு வரும் பாதையில் வாகனச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். உன் பக்கம் வேறு விதமாக வந்தது. பொலிசில் பெயர் பதிந்த பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை இழுத்தடித்தார்கள். உன் உம்மா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். "என்னாலதானே" என்று நான் ஒருநாள் பஸ்ஸில் ஆரம்பித்தபோது நீ முறைத்தாய். "இதுக்கே பயந்து ஓடுற ஆள் எனக்கு எதுக்கு புள்ள?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பி உக்குவளைவரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அவர் ஓடவில்லை. தாமதமாக என்றாலும் கல்யாணம் நடந்தது; நீ அக்குறணைக்குப் போனாய். கல்யாண வீட்டில் உன் உம்மாவே எனக்குச் சோறு போட்டார். பிறகு பிள்ளைகள், வீடு என்று நாம் போனில் பேசிக்கொள்ளும் ஆட்களாகிவிட்டோம். அந்த நாளைப் பற்றி ஒருமுறையாவது உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று இருந்தேன்.

இப்போது ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. போன வாரம் பேக்கிங்கில் இருக்கும் பிள்ளை ஒருத்தியை ஏதோ குறைகிறதென்று தனியே ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்த விதத்தைப் பார்த்ததும் நானும் எழுந்தேன். "மிஸ், உங்களக் கூப்பிடல" என்றாள். தெரியும் என்றேன். யாரைக் கூப்பிட்டாலும் நான் இப்படித்தான் கூடவே போகிறேன். பயம் போய்விட்டதென்று நினைக்காதே. அந்தக் கதவருகே போனாலே, அந்த அதிகாரி என் பெயரை எழுதியது இன்றைக்கும் கண்ணில் நிற்கும். நிற்கட்டும் என்று அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.