தட்டை நீதான் எடுக்க வேண்டும்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மதிக்கு,

திலகா எழுதுகிறேன். நீயும் சுகிர்தாவும் திருப்பூரில் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் கடிதம்.

திருநின்றவூர்க் கடை திறந்தாகிவிட்டது. ரயிலை விட்டு இறங்கும் பெண்கள் நேராக உள்ளே நுழைகிறார்கள். நீ அங்கிருந்து பொறுக்கி அனுப்பிய காட்டன் குர்த்திதான் முதலில் காலி. ட்ரையல் ரூம் போதவில்லை என்று என் வீட்டுக்காரர் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் எழுதி என்ன? திறப்பு விழாவுக்கு உன்னைக் கூப்பிடவில்லையே. தேர்வாய் கண்டிகை கம்பெனி வாசலில், ஷிப்ட் விடும் நேரத்துக்கு நைட்டி மூட்டையோடு நான் நின்றபோது, வேலை முடிந்து வந்து முதல் நைட்டியை வாங்கியவள் நீ. பிறகு நீ திருப்பூருக்குக் குடிபோன பின்னும், கும்மிடிப்பூண்டிக் கடைக்கும் திருவள்ளூர்க் கடைக்கும் பஸ் ஏறி வந்து முதல் போணி செய்தாய். மதி கைராசி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான்.

இந்த முறை பத்திரிகை கொடுக்கும்போது என் மாமியார், "இன்னாத்துக்கு அவளக் கூப்டுக்கினு? புருஷன் வசந்தகுமார் செத்து வருஷம் கூட திரும்பல. புதுக் கடைம்மா, யோசிச்சிக்கோ" என்றார். அவர் மேல் பழி போட மாட்டேன். வாயை மூடிக்கொண்டவள் நான். பக்கத்துத் தெரு பூவம்மாளைக் கூப்பிட்டுப் போணி செய்ய வைத்தேன். போன மாசம்தான், கணவரை இழந்த ஓர் அக்கா வெளிர் நிறத்தில் சேலை கேட்டபோது, "கலருக்கு இன்னாக்கா தெரியும்? உனுக்குப் புட்ச்சத கட்டு" என்று அரக்குச் சேலையை எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைப் பெண்கள் முன்னால் பெருமையாக நின்றேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது மதி.

நேற்று சுகிர்தா போன் செய்தாள். தனக்கு நிச்சயதார்த்தம் என்றதும் கடை என்றும் பாராமல் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அப்புறம் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டாள். "தட்டு மாத்த அம்மா வரமாட்டேன்னுது சித்தி. உள் ரூம்லயே இருந்துக்கிறேன்னுது. கடை தொறக்கவே என்னைக் கூப்புடல, பொண்ணு காரியத்துல நான் எப்டி முன்னால நிக்கிறது, திலகா பூவும் பொட்டுமா கீறா, அவ வந்து தட்டு எடுக்கட்டும்னுது" என்றாள்.

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். நீ நிஜமாகவே நம்பிச் சொல்லியிருக்கிறாய். ஐயோ மதி, அந்த நம்பிக்கையை உனக்குள் போட்டவள் நான்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் ஆளாக வருவேன். பந்தி பரிமாறுகிறேன், எச்சில் இலை எடுக்கச் சொன்னாலும் எடுக்கிறேன். அந்தத் தட்டை மட்டும் தொட மாட்டேன். பெற்றவள் இருக்கும்போது அதில் கை வைக்க நான் யார்? என்னை மன்னிக்க வேண்டாம், வாசலோடு திருப்பி அனுப்பு, போய்விடுகிறேன். ஆனால் நீ நல்ல பட்டாகக் கட்டிக்கொண்டு, சபைக்கு நடுவில் வந்து நில்லடி. என் கண்ணு சுகிர்தா அம்மா கையால் வாழ்வுக்குப் போகட்டும்.

உன் வாசலுக்கு வரப் பயந்துகொண்டே கிளம்பும்,
திலகவதி