பனிக்குள் இரண்டு பேர்

ஜூலை 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து பனி, தூறல். பொகவந்தலாவை பஸ் தாமதம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியது நனைந்த சேலையோடு. விண்மீன் ஆராய்ச்சி செய்கிறவள் வானத்தைப் பார்த்து ஒரு வாரத்துக்கு மேல்! நல்ல வேளை, வெளிநாட்டுத் தொலைநோக்கியின் அளவுகள் இணையத்தில் கிடைக்கின்றன.

மாலையில் ஆய்வை மேற்பார்வை செய்யும் மேடத்தின் அழைப்பு. "உங்க விண்மீன் நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை மங்குது. எல்லாத் தடவையும் ஒரே மாதிரி. இது இரட்டை இல்ல போல. தனியா, விரிஞ்சு சுருங்கித் துடிக்கிற ஒண்ணா இருக்கும். வெள்ளிக்கிழமை முடிவு பண்ணுவோம்."

தனி என்றால் என் ஆய்வே போச்சு. ஒன்றையொன்று சுற்றி, மாறி மாறி மறைக்கும் நெருங்கிய இரட்டை என்று நம்பித்தான் ஒரு வருட உழைப்பு. அழுகையாக வந்தது. ஆனாலும் ரொட்டி இரண்டு கூடவே சாப்பிட்டேன்.

ஜூலை 9, வியாழன்

வாங்க: குளிக்கச் சவர்க்காரம், பருப்பு, குடை (மறுபடியும்!).

காலையில் கணவர் ரவி வாசலில் பால் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "இன்னைக்குத் தம்பிக்காரன் முறை. அளவு கொஞ்சம் கொறையுது."

"எந்தத் தம்பி? தெனம் ஒரே ஆளுதானங்க வர்றாரு?"

"அண்ணனும் தம்பியும் நாள் விட்டு நாள் வர்றாங்க புள்ள. நீ பனியில ரெயின்கோட்டத்தான பாத்திருக்க!"

பாலை அடுப்பில் வைத்தவள் அப்படியே மடிக்கணினிக்கு ஓடினேன். ஒரு முழுச் சுற்று நான்கு மணி நேரமல்ல, எட்டு என்று வைத்து, மங்கல்களை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினேன். ஒன்று சற்று ஆழம், அடுத்தது இம்மி குறைவு. திரும்ப அதே. எல்லா இரவுகளிலும் அதே! சூட்டில் கொஞ்சம் வித்தியாசமான இரண்டு விண்மீன்கள், முறை வைத்து மறைக்கின்றன. ஒட்டிக்கொண்டு, ஒரே வாயுப் போர்வைக்குள்.

"பால் பொங்கி ஊத்துது!" என்று ரவி கத்தினார். ஊற்றட்டும்.

ஜூலை 10, வெள்ளி

மேடத்துக்கு மங்கல்களின் வரைபடத்தைக் காட்டினேன். ஒவ்வொரு மங்கலாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இரட்டையேதான். நான் பாதிச் சுற்றை முழுசுன்னு எடுத்துட்டேன். ஒண்ணுக்கொண்ணு வாயுவைக் குடுத்து வாங்குது, ஒருகாலத்துல ரெண்டும் கலந்து ஒண்ணாயிடும். அதையும் சேர்த்து எழுதுங்க."

துள்ளிக் குதிக்காத குறை.

எப்படிப் பிடித்தேன் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "நன்றியுரையில பால்காரங்க பேரையும் போட்டுடுங்க" என்றார்.

உடனே எழுத உட்கார்ந்தேன். மூன்று வருடமாகப் பால் வாங்குகிறேன். ஒருவர் பெயர்கூடத் தெரியாது.