கல்வெட்டு எழுதியவள்

அண்ணன்,

காலையில் அச்சகத்திலிருந்து பெட்டிகள் வந்து இறங்கின. பொழுது பட்ட பிறகும் என் கையில் புது மை வாசம் போகவில்லை. இன்று உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக அடித்த கல்வெட்டு. செத்தவரின் படத்தைப் போட்டு, அவர் வாழ்ந்த கதையைச் சொல்லும் அந்தச் சின்னப் புத்தகத்தை நீங்கள் எத்தனை வீடுகளில் வாங்கிப் புரட்டி, "ஆரு இத எழுதினது? நல்லா எழுதியிருக்கான்" என்று கேட்டிருப்பீர்கள். உங்களுடையதை எழுதியது யாரென்று நானே சொல்கிறேன். என் மகள். அட்டையில் உங்களைப் படமாகக் கீறியது என் மகன்.

உங்கள் மூத்தவன் கம்பசில் படிக்க எடுபட்ட சந்தோசத்தில் நாவற்குடா வீட்டில் நீங்கள் பந்தல் போட்டுச் சாப்பாடு கொடுத்த நாளை நான் மறக்கவில்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்திருந்த சின்னம்மாவுக்கு என் கைபேசியைக் காட்டிக்கொண்டிருந்தேன். மகள் தன் வலைப்பூவில் எழுதிய முதல் கதை. வாவிக்கரையில் கூனி இறால் காயவைக்கும் ஒருத்தியைப் பற்றியது; அதற்குப் படம் கீறியது அவளுடைய தம்பி. அப்போது அவள் மருந்துக்கடையில் வேலைக்குப் போய்வந்தாள். இரவில் இருந்து எழுதுவாள். நீங்கள் வந்து கைபேசியை வாங்கினீர்கள். வாங்கவில்லை, பறித்தீர்கள். வானொலியில் செய்தி வாசிக்கிறவரின் குரலை வரவழைத்துக்கொண்டு கதையின் முதல் பந்தியை வாசித்தீர்கள். பந்தலே சிரித்தது.

"என்னகா இது? கூனி காய்ஞ்சாலும் காசு வரும். இது காய்ஞ்சா என்ன வரும்? புள்ளய அரசாங்க உத்தியோகத்துக்குப் படிக்கச் சொல்லு. தம்பிக்காரன்ட கிறுக்கல் வேற."

அந்த நேரம் என் மகள் எங்கே நின்றாள் தெரியுமா? உங்கள் முதுகுக்குப் பின்னால், உங்கள் விருந்தாளிகளுக்குப் பாயாசம் ஊற்றிக்கொண்டு. அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை. வரிசை முடியும்வரை ஊற்றினாள். நானும் வாய் திறக்கவில்லை. புருஷன் இல்லாத வீட்டுக்கு அண்ணன்தான் பெரிய தலை. எதிர்த்துக் கதைத்தால் நாளைக்கு அவளுடைய கலியாணத்தில் தாய்மாமனாக யார் முன்னுக்கு நிற்பது என்ற பயம். அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் உங்கள் மேல் எனக்கு ஆத்திரம்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அவளுடைய வலைப்பூவில் ஒரு வரி ஏறவில்லை. காலையில் தேத்தண்ணி ஆறும்வரை நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன். அதே கூனிக் கதைதான் இருக்கும். மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

அப்போதுதான் நண்டை நிறுத்தினேன். முருங்கை இலை போட்டு நான் வைக்கிற நண்டுக் கறி என்றால் உங்களுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சட்டி உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பிறகு வரவில்லை. நீங்கள் ஆள் விட்டுக் கேட்டபோதெல்லாம், "வாவியில நண்டு இல்லையாம்" என்று சொல்லி அனுப்பினேன். சந்தையில் நண்டு குவிந்து கிடந்த காலத்திலும் அதே பதில்தான். நீங்கள் என் கறியைத் தவிர வேறு நண்டைத் தொடமாட்டீர்கள், சந்தைப் பக்கமும் போகமாட்டீர்கள். ஆகவே நம்பினீர்கள். "வாவி பழுதாப் போச்சு" என்று கண்டவரிடமெல்லாம் கவலைப்பட்டீர்களாம். கேள்விப்பட்டு வயிறு நோகச் சிரித்தேன்.

மகள் திரும்ப எழுதத் தொடங்கினாள். "இனி ஆருக்கும் காட்டாதீங்கம்மா" என்றாள். நான் காட்டாமலே ஆட்கள் வந்தார்கள். கனடாவிலிருந்து ஒருவர், அவள் எழுதிய கரையில்தான் தன் தாய் கூனி காயவைத்தார் என்று எழுதியிருந்தார். மாங்கேணியில் வலை இழுப்பவர்களை மகன் கீறித் தன் வலைப்பூவில் போட்டான். படத்தில் இருந்தவரே தேடி வந்து கேட்டு வாங்கி வீட்டில் மாட்டியிருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி வந்து உங்கள் மூக்குக்கு நேரே காட்டவேண்டும் போல் கை துடிக்கும். காட்டவில்லை. நண்டு கிடைக்காத ஆளுக்கு அதுவும் கிடைக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் போன அடுத்த கிழமை உங்கள் மகன்மார் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஊருக்கெல்லாம் கல்வெட்டு எழுதும் வாத்தியாருக்குக் கண் மங்கிவிட்டதாம். கணினியிடம் கேட்டார்களாம், நீங்கள் மென்மையாகப் பேசுகிறவர் என்று எழுதித் தந்ததாம். உங்கள் மனைவி, என் மச்சாள், அழுதுகொண்டிருந்த இடத்தில் சிரித்துவிட்டாராம்.

"மாமி, உங்கட மகளிட்டக் கேட்டுப் பாப்பமா?" என்றான் மூத்தவன்.

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்துக் கோப்பைகளை வைத்தார்கள். பிறகு உங்கள் செய்தி வாசிக்கும் குரலில் கேட்டேன்: "கூனி காய்ஞ்சாலும் காசு வரும் மனே. இது காய்ஞ்சா என்ன வரும்?" அவன் தலையைக் குனிந்தான். அவனும் மறக்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதைச் சொல்லத்தான் இந்த மடலையே எழுதத் தொடங்கினேன்.

அவர்கள் போனதும் மகளிடம், "எழுதாத. இல்லாட்டி அந்த மனிசன் செய்த எல்லாத்தையும் எழுது" என்றேன்.

"எழுதிறன் அம்மா. ஆனா ஒரு பொய்யும் எழுத மாட்டன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களைப் பற்றிய உண்மை அச்சில் வருவதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

இன்று உங்கள் முற்றத்தில், அன்று பந்தலில் சிரித்த அதே ஆட்கள் கல்வெட்டைப் புரட்டி, அந்த நாளைப் பற்றி அவள் எழுதிய பக்கத்துக்கு வந்தார்கள். "மாமா ஒரு நாள் பந்தல் நிறைந்த ஆட்களுக்கு நடுவே என் கதையைச் சத்தமாக வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் எழுத்தைச் சபையில் முதன்முதலாக வாசித்தவர் அவர்தான்" என்று எழுதியிருக்கிறாள். நான் கதவோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சின்னம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று பெரிதாகச் சிரித்த உங்கள் கூட்டாளி, இன்றைக்குப் பாயாசம் வருவதற்கு முன்பே இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

"நல்லாக் குத்திட்டாய்" என்றேன் மகளிடம்.

"குத்தி எழுதல்லம்மா. நடந்தத்தான் எழுதினன். அவர் நல்லாத்தானே வாசிச்சாரு."

அவள் உங்களை மன்னித்துவிட்டாள். மகனும் உங்கள் கண்களை அவ்வளவு சாந்தமாகக் கீறியிருக்கிறான். அப்படி நீங்கள் ஒருநாளும் எங்களைப் பார்த்ததில்லை. அது அவர்கள் பாடு. அந்தப் பெருந்தன்மை எனக்கு வரவில்லை. வரவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அந்தப் பாயாச வாளியின் பாரத்தை என் பிள்ளை இறக்கி வைத்துவிட்டாள், நான் இன்னும் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

நாளைக்கு மீனும் இறைச்சியும் சமைத்து உங்களுக்குப் படைக்கப் போகிறார்கள். சற்று முன் மச்சாள் போன் எடுத்தார். "உங்கட கையால ஒரு சட்டி நண்டுக் கறி வைச்சுத் தாங்க. கடைசிவரைக்கும் அதத்தான் கேட்டாரு" என்றார். பின்னேரம் மகன் வாவிக்கரையில் தெரிந்தெடுத்து வாங்கி வந்த நண்டுகள் அடுப்படியில் வாளிக்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுகிற சத்தம், இதை எழுதும்போதும் கேட்கிறது. நாளைக்கு நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுவோம்.

மச்சாளுக்குப் பதில் சொல்லிவிட்டேன், அண்ணன். வாவியில் நண்டு இல்லையாம்.