பின்பக்க அறைக்கு அடியில் ஓடை

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே புலம்ப ஆரம்பித்துவிட்டது. நீயும் மருமகளும் சுகம்தானே, வேளாவேளைக்குச் சாப்பிடு. நம் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை இருக்கிறதே, அது சாக்கடையே இல்லையாம், ஓடையாம். போன வாரம் ஒரு சர்வேயர் பெண் பழைய வரைபடத்தோடு அளக்க வந்தாள். மேட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஊற்றெடுத்து, பள்ளிக்கூட மதிலைச் சுற்றி, நம் தெருவை ஒட்டி வளைந்து, பஸ் டிப்போவுக்கு அடியில் புகுந்து ஆற்றில் சேருகிறதாம். ஒரு காலத்தில் இதில் செங்கல் ஏற்றிய படகு போனதாம். நம் வீட்டுக்குப் பின்னால் முப்பது அடி அகலம் இருந்தது, இப்போது எட்டுதான், மிச்சம் எங்கே என்று கேட்டாள். மிச்சத்தின் மேல்தான் நீ படிக்க என்று நாங்கள் கட்டிய அறை நிற்கிறது. நாங்க வாங்கும்போதே சுவர் இப்படித்தான் இருந்துச்சு என்று நாக்கூசாமல் சொல்லிவிட்டேன். எதிர்க்கரைத் தையல்காரரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அறை கட்டியதிலிருந்து மழைக்கு மழை அவர் வீட்டுக்குள்தான் தண்ணீர், இரண்டு மெஷின் துருப்பிடித்துப் போயின. உனக்குப் பரீட்சை என்று அந்தச் சுவருக்குக் கல் தூக்கிக் கொடுத்தவரே அவர்தான். என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அப்பாவோ, ஊரே கட்டியிருக்கு, நம்ம மட்டுமா என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. நேற்று மன்னிப்புக் கேட்கத்தான் தையல்காரர் வீட்டுக்குப் போனேன். சுவரில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்ற கறை. நான் வாய் திறப்பதற்குள், தம்பி படிச்ச ரூமு அக்கா, இடிக்க மனசு வருமா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்று காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு, மன்னிப்பைக் கேட்காமலே வந்துவிட்டேன். பொய் சொன்னதைவிட அந்தக் காப்பியைக் குடித்ததுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

திங்கட்கிழமை சர்வே ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். அறை போய்விடும். உன் புத்தகங்களை முன்னறை அலமாரிக்கு மாற்றிவிட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ வேண்டாம் என்பாய், நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன், இது உன் கைக்கு வருவதற்குள் சொல்லி முடித்திருப்பேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது முதலில் தையல்காரரைப் பார்த்துவிட்டு அப்புறம் வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன் அம்மா