ஆண்டறிக்கையின் முப்பத்தெட்டாம் பக்கம்

அனுப்புநர்
ஷ. நித்யஸ்ரீ,
எண் 14, மூன்றாம் குறுக்குத் தெரு,
கற்பக விநாயகர் நகர், சேலையூர்,
சென்னை – 73.

பெறுநர்
உயர்திரு தொழிலாளர் துறை உதவி ஆணையர் அவர்கள்,
விபத்து இழப்பீட்டு விசாரணைப் பிரிவு.

பொருள்: தருணிகா மெட்டல் பேக் லிமிடெட் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்து, இயந்திர விபத்தில் இரு விரல்களை இழந்த திருமதி காந்திமதியைத் தங்கள் தொழிலாளியே அல்ல என நிறுவனம் மறுத்தது – அம்மறுப்பு உண்மையல்ல என்பதற்கு அந்நிறுவனத்தின் பங்குதாரராகிய என்னிடம் உள்ள ஆவணத்தை ஏற்று விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. திருமதி காந்திமதியின் இழப்பீட்டு மனு, நாள் 28.04.2025.
2. நிறுவனத்தின் பதில் கடிதம், நாள் 09.06.2025.
3. விசாரணை அறிவிப்பு – விசாரணை நாள் 28.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. தன் பணத்தைப் போட்டு வைத்திருக்கும் கம்பெனி மீது தானே புகார் கொடுக்கும் பெண்ணுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று தங்களுக்குச் சந்தேகம் வரலாம். என் கணவர் ஷ்யாம்சுந்தருக்கும் அந்தச் சந்தேகம் இரண்டு மாதமாக இருக்கிறது. எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேற்படி நிறுவனத்தில் 640 பங்குகள் என் பெயரில் உள்ளன. இந்த மனுவால் அதன் விலை சரிந்தால் நட்டம் எனக்கும்தான். இது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

2. நான் காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். பங்குச் சந்தையில் காலையில் வாங்கி மாலையில் விற்கும் ஆள் நான் இல்லை. எனக்கு ஓய்வூதியம் கிடையாது. அதனால் நல்ல நிறுவனங்களின் பங்குகளை மலிவாக இருக்கும்போது வாங்கி, ஆண்டுதோறும் லாபத்தில் பங்காக வரும் டிவிடெண்டை வைத்து முதுமையை ஓட்டிவிடலாம் என்பது என் திட்டம். இதற்கென்று இணையத்தில் சல்லடை போன்ற தளங்கள் உள்ளன. நாம் நிபந்தனைகளைக் கொடுத்தால் ஆயிரக்கணக்கான நிறுவனங்களைச் சலித்து, தேறியவற்றை மட்டும் காட்டும். என் நிபந்தனைகள் ஐந்து. பங்கின் விலை, அதன் ஓராண்டு லாபத்தைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. கடன் குறைவாக இருக்க வேண்டும். லாபம் காகிதத்தில் மட்டும் இல்லாமல் ரொக்கமாகவும் வந்திருக்க வேண்டும். டிவிடெண்ட் நூறு ரூபாய்க்கு நான்கு ரூபாயாவது தேற வேண்டும். ஐந்தாவதாக, பத்தாண்டுகளில் ஒரு முறைகூட டிவிடெண்ட் நின்றிருக்கக் கூடாது.

3. 2020-இல் இப்படிச் சலித்தபோது மிஞ்சியவை இருபத்து மூன்று. அவை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பங்கு வாங்கினேன். பங்குதாரர் ஆகிவிட்டால், அச்சிட்ட ஆண்டறிக்கை வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம்; தபாலில் வீட்டுக்கே வரும். அதைப் பென்சிலும் கையுமாக முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் அடுத்த பங்கை வாங்குவேன். என் வீட்டுப் பரணில் பித்தளைப் பாத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. இது பைத்தியக்காரத்தனம் என்று எங்கள் குடும்பத்தில் ஏகமனதாக முடிவாகியிருக்கிறது.

4. இருபத்து மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது தருணிகா மெட்டல் பேக். பெயிண்டுக்கும் நெய்க்கும் தகர டப்பா செய்யும் நிறுவனம். ஆலை சிங்கப்பெருமாள் கோயில் பக்கம். அதன் கணக்கில் ஒரு வரி என்னை மயக்கியது. நூறு ரூபாய் விற்பனையில் ஊழியர்களுக்கான செலவு பத்தாண்டுகளில் பதின்மூன்று ரூபாயிலிருந்து ஐந்து ரூபாயாகக் குறைந்திருந்தது. நிரந்தரப் பணியாளர்கள் 61 பேர் என்று இயக்குநர்களின் அறிக்கை சொன்னது. அறுபத்தொரு பேரை வைத்துக்கொண்டு இத்தனை டப்பாவா என்று வியந்து, 2021-22 அறிக்கையின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு டிக் போட்டு, “சிக்கனமான நிர்வாகம்” என்று எழுதினேன். அந்த எழுத்தை நான் அழிக்கவில்லை. இணைப்பில் தாங்களும் காணலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

5. இனி திருமதி காந்திமதி பற்றி. அவர் பெரும்பாக்கம் குடியிருப்பில் வசிக்கிறார். முதல் பேருந்தைப் பிடித்துத் தாம்பரம் வந்து, நான் ஏறும் அதே செங்கல்பட்டு மின்ரயிலில் அதே மகளிர் பெட்டியில் ஏறுவார். ஆறு ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறோம். அவருடைய மகள் சத்யபிரியா எந்தப் பாடத்தில் தேறவில்லை என்பது எனக்குத் தெரியும். என் மாமியாரின் சர்க்கரை அளவு அவருக்குத் தெரியும். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டபோது “டப்பா கம்பெனி” என்றார். நானும் தலையாட்டினேன். எந்த டப்பா, எந்தக் கம்பெனி என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு நிறுவனத்தின் பத்தாண்டுக் கணக்கை வரி விடாமல் படித்தவள், பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ஆறு ஆண்டுகள் போயிருக்கிறேன். எனக்கு என் மீதே ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

6. 11.03.2025 அன்று மூடி அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி, அவருடைய வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மூன்று மாதம் அவரை ரயிலில் காணவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். 16.06.2025 அன்று அதே பெட்டியில் என்னைத் தேடி வந்தார். வண்டலூர் தாண்டியதும் பையிலிருந்து ஒரு கடிதத்தை இடக்கையால் எடுத்து நீட்டி, “அக்கா, இத்த கொஞ்சம் படிச்சு சொல்லேன். இங்கிலீசுல இன்னாவோ எழுதிக்கீது” என்றார். பார்வை 2-இல் கண்ட கடிதம் அது. தலைப்பிலிருந்தது, என் பரணில் இருக்கும் ஆண்டறிக்கைகளின் அதே சின்னம். மேற்படி நபர் எங்கள் ஆலையில் ஒருபோதும் பணிபுரிந்ததில்லை, அவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது என்று அதில் இருந்தது. அதை வரி வரியாக அவருக்குத் தமிழில் சொன்னேன். காட்டாங்குளத்தூரில் இறங்க மறந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை போய்த் திரும்பினேன்.

7. அவர் கையில் ஏன் எந்தச் சான்றும் இல்லை என்று தாங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சம்பளம் ரொக்கமாகக் கையில் தரப்பட்டது. ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரின் பெயர் பதினோரு ஆண்டுகளில் மூன்று முறை மாறியிருக்கிறது. கழுத்தில் மாட்டும் அனுமதி அட்டையைக் காலையில் வாயிலில் கொடுப்பார்கள். மாலையில் அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் யாரும் வெளியே வர முடியாது. இப்படி உள்ளே போய் வரும் பெண்கள் இருநூறு பேருக்குக் குறையாது என்கிறார். அறுபத்தொரு பேரின் சாமர்த்தியம் என்று நான் வியந்தது இந்த இருநூறு பேரின் உழைப்பு. பதினைந்து ஆண்டுகளாக டிவிடெண்ட் ஏன் நிற்கவில்லை என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

8. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் பரணில் ஏறி, மேற்படி நிறுவனத்தின் ஐந்து ஆண்டறிக்கைகளையும் இறக்கினேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியாமலே புரட்டினேன். 2021-22 அறிக்கையின் 38-ஆம் பக்கம் முழுவதும் ஒரு வண்ணப் படம். ஆயுத பூஜை நாளில் இயந்திரங்களுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் பெண்கள். மேலே “எங்கள் குடும்பமே எங்கள் பலம்” என்ற தலைப்பு. இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக, நீல மேலங்கி அணிந்து, கழுத்தில் அட்டை தொங்க, சிரித்துக்கொண்டு நிற்பவர் திருமதி காந்திமதி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அட்டையில் சி 117 என்ற எண் தெரிகிறது. வலக்கையில் குங்குமத் தட்டு. ஐந்து விரல்களும் இருக்கின்றன.

9. நானாக ஒரு முறை நிர்வாகத்திடம் முறையிட்டும் பார்த்தேன். 25.07.2025 அன்று காணொலி வழியே நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருந்தேன். இரண்டு நிமிடம் ஒதுக்கினார்கள். காந்திமதி என்ற பெயரைச் சொன்னதும் என் ஒலி நின்றுவிட்டது. அது ஒப்பந்ததாரர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று தலைவர் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். அந்த அடுத்த பங்குதாரர் பேசியதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்: “சேர்மன் சாருக்கு நமஸ்காரம். பதினஞ்சு வருஷமா டிவிடெண்ட் தடையில்லாம வர்றது, ரொம்ப சந்தோஷம். போன வருஷம் ஸ்வீட் பாக்ஸ்தான் வரலை. அதை மட்டும் கொஞ்சம் கவனிக்கணும்.” கவனிப்பதாகத் தலைவர் உறுதியளித்தார்.

10. அன்றே டிவிடெண்ட் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. நான் எதிர்த்து வாக்களித்தேன். இரண்டு நாள் கழித்துப் பங்குச் சந்தை இணையதளத்தில் முடிவு வெளியானது. எதிராக விழுந்தவை மொத்தம் 640 வாக்குகள். அந்த 640-உம் நான்தான். தனக்கு வரும் பணத்தைத் தானே வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட ஒரே ஆள் இந்தியாவிலேயே நீதான் என்று என் கணவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “மொதல்ல ஷேரை வித்துடு நித்யா. அப்புறம் எவ்வளவு வேணா மனு போடு” என்றார். அவர் கெட்டவர் இல்லை, எனக்காகத்தான் சொன்னார். ஆனால் விஷயம் தெரிந்த பிறகு நான் விற்றால், என்னைப்போல் சல்லடை வைத்துச் சலிக்கும் வேறு ஓர் அப்பாவி, நான் போட்ட அதே இரண்டு டிக்கைப் போட்டு அதை வாங்குவார். எனவே விற்கவில்லை. பங்கு விலை இந்த மாதம் ஏறிக்கொண்டே இருக்கிறது. கைபேசியில் பார்க்கக் கூடாது என்று நினைத்து, நடைமேடையில் நடந்துகொண்டேகூட மணிக்கு நான்கு முறை பார்க்கிறேன். ஏறுவதைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கிறது.

11. அவசரத்துக்குக் காரணம் உண்டு. கூட்டம் முடிந்த நான்காம் நாளிலிருந்து 2021-22 ஆண்டறிக்கை மட்டும் நிறுவனத்தின் இணையதளத்தில் திறப்பதில்லை. மற்ற ஆண்டுகள் திறக்கின்றன. இது தற்செயலாகவும் இருக்கலாம்; நான் நம்பவில்லை. கடந்த வாரம் மோகன்ராஜ் என்பவர் ஒப்பந்ததாரர் தரப்பிலிருந்து பெரும்பாக்கத்துக்கு வந்து, வெற்றுத்தாளில் கைரேகை வைத்தால் ஏதாவது பார்த்துச் செய்வதாகத் திருமதி காந்திமதியிடம் சொல்லியிருக்கிறார். அவர் வைக்கவில்லை. ஆனால் வாடகை ஆட்டோவுக்கும் மருந்துக்கும் கடன் வாங்கும் ஒருவர் எத்தனை வாரம் வைக்காமல் இருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அவரைத் தொழிலாளி என்று தாங்கள் ஏற்றால்தான் அவருடைய மனு நிற்கும். ஏற்காவிட்டால் பதினோரு ஆண்டும் இரண்டு விரலும் கணக்கில் இல்லாமலே போய்விடும்.

12. எனவே தங்களை வேண்டிக்கொள்வது:

அ) இணைப்பிலுள்ள ஆண்டறிக்கையின் அச்சுப் பிரதியை ஆவணமாக ஏற்று, பெற்றுக்கொண்டமைக்கு எனக்கு ஒப்புகை தர வேண்டும். இது ஒன்றே என்னிடம் உள்ளது. தபாலில் அனுப்ப மனம் வராமல் விடுப்பு எடுத்து நேரில் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆ) 11.03.2025 உட்பட வாயில் பதிவேட்டையும், சி 117 எண்ணுள்ள அனுமதி அட்டை யாருக்கு வழங்கப்பட்டது என்ற விவரத்தையும் நிறுவனம் 28.08.2025 அன்று முன்வைக்க உத்தரவிட வேண்டும்.

இ) அன்று என்னையும் சாட்சியாக விசாரிக்க வேண்டும். நிறுவனத்தின் வழக்கறிஞர் என் பங்குகளைக் காட்டி உள்நோக்கம் கற்பித்தால் பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

13. இம்மனுவை நேற்று திருமதி காந்திமதிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். 38-ஆம் பக்கத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படத்திலிருந்த தன் கையைத்தான் பார்த்தார். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் சொன்னதை இலக்கணம் திருத்தாமல் அப்படியே எழுதுகிறேன். விசாரணையில் நிறுவனத்தாரிடம் இந்த ஒரு கேள்வியைத் தாங்கள் கேட்டால் போதும்:

“நான் அங்க வேலையே செய்யலன்றாங்கோ இல்ல, அப்போ என் வெரலு ரெண்டும் அங்க இன்னாத்துக்குப் போச்சு? அத்த மட்டும் கேளு சார்.”

நாள்: 18.08.2025
இடம்: சேலையூர்

இப்படிக்கு,
பங்குதாரரும் புகார்தாரருமான
(ஒப்பம்) ஷ. நித்யஸ்ரீ

இணைப்பு:
1. தருணிகா மெட்டல் பேக் லிமிடெட் ஆண்டறிக்கை 2021-22, அச்சுப் பிரதி – 1 (பென்சில் குறிப்புகளுடன்)
2. 640 பங்குகளுக்கான டீமேட் கணக்கு அறிக்கை, இன்றைய தேதி வரை – 1
3. ஆண்டுப் பொதுக்கூட்ட வாக்கெடுப்பு முடிவின் நகல் – 1

மேற்கண்டவற்றை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அனைத்தும் உண்மை.
(இடக்கைக் கையெழுத்து) காந்திமதி